கார்கிக்குப் பின்னால் யாரை மறைக்கிறோம்?



போன மாதம் நம் செங்காங் ஞாயிறு வகுப்பில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வேறு ஒரு பதில் சொன்னேன். அதற்கு நீங்கள் எல்லாரும் கை தட்டினீங்க. அந்தக் கைதட்டல்ல நானும் குளிர்ந்து போய்ட்டேன். அதுதான் தப்பு.

வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். பஜனை முடிந்து, சுண்டல் கைக்கு வந்து, பின்பக்கம் பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுக்கிட்டிருந்த நேரம். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு தங்கை, பள்ளிக்கூடத்துல படிச்ச மலாலாவின் கதையைச் சொன்னாள். பாகிஸ்தானில் ஸ்வாட் பள்ளத்தாக்கு, மிங்கோரா என்ற ஊர். பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாதுன்னு துப்பாக்கியோட நின்னவங்களை எதிர்த்துப் பேசிய பிள்ளை. 2012 அக்டோபர் 9-ஆம் தேதி, பரீட்சை எழுதிட்டுப் பள்ளி வண்டியில வீட்டுக்குத் திரும்பும்போது தலையில சுட்டாங்க. வயசு 15. பிழைத்து எழுந்தாள். 2014-ல் 17 வயதில் நோபல் அமைதிப் பரிசு. தங்கை நல்லாத்தான் சொன்னாள். சொல்லி முடிச்சப்போ குரல் கொஞ்சம் கம்மிப் போயிருந்தது.

உடனே ஒரு தம்பி கையைத் தூக்கினான். "அண்ணா, இது அவங்க மதத்துப் பிரச்சினை. நம்ம மதத்துல பொண்ணுங்க படிக்கக் கூடாதுன்னு யாருமே சொன்னதில்ல. சரிதானே?"

நானும் ஆரம்பிச்சுட்டேன். ஜனகர் சபையில் யாக்ஞவல்கியரையே கேள்வி மேல் கேள்வி கேட்டு நிறுத்திய கார்கி. சொத்து வேண்டாம், சாகாமைக்கு வழி தெரிஞ்சா சொல்லுங்கன்னு கணவரிடம் கேட்ட மைத்ரேயி. நம் ஊரில் ஔவையார், காரைக்கால் அம்மையார், ஆண்டாள். கல்விக்கே தெய்வம் ஒரு பெண். இதுக்கு மேல என்ன வேணும்? கைதட்டல்.

தம்பி, நான் சொன்ன பெயர்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் நேர்மையான பதில் இல்லை. ஏன்னு சொல்றேன்.

அன்னைக்கு வகுப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, பாட்டியைக் காணோம். எங்க வீடு ரும்பியா எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கம். பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கால் நல்லாத்தான் இருக்கு, தனியாவே போய் வருவாங்க. அவங்களுக்கு எழுத்து தெரியாது. அதனால ஒரு கணக்கு வச்சிருக்காங்க: செங்காங்கில் ஏறினா ரெண்டாவது நிறுத்தத்துல இறங்கணும். காம்பஸ்வேல் ஒண்ணு, ரும்பியா ரெண்டு. ஆனா கிழக்கு வட்டப் பாதையில வண்டி ரெண்டு பக்கமாவும் சுத்தும். அன்னைக்கு மறுபக்கமா சுத்துற வண்டியில ஏறிட்டாங்க. ரெண்டு எண்ணி இறங்கினா அது கங்கார். பழகின கடை இல்லை, பழகின புளோக் இல்லை. யார்கிட்டயும் கேட்கக் கூச்சம். முக்கால் மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன்.

இதே பாட்டி கந்த சஷ்டி கவசத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல் பிசகாமல் சொல்வாங்க. எல்லாமே காதால கேட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், தினம் விளக்கேற்றி, கார்த்திகைக்கு விரதம் இருந்து, வாசலுக்கு வந்தவருக்குச் சோறு போட்ட குடும்பம். கொடுமைக்காரங்க கிடையாது. பாட்டியை ஒரே ஒரு வருஷம் பள்ளிக்கு அனுப்பினாங்களாம். தம்பி பிறந்ததும் தொட்டில் ஆட்ட ஆள் வேணும்னு நிறுத்திட்டாங்க. அந்தத் தம்பி பிறகு வாத்தியார் ஆனார். பாட்டி இதைக் கோபமா சொன்னதே இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குடா படிப்புன்னு அப்ப எல்லாருந்தான் சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுவாங்க.

ஆக, சொன்னாங்க. துப்பாக்கி எடுக்கல, அவ்வளவுதான். சாமி கும்பிட்டுக்கிட்டே சொன்னாங்க.

கங்கார் பெஞ்சுல பாட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்தப்போ எனக்குத் தோணினது இதுதான்: நான் சொன்ன கார்கி பல நூற்றாண்டுக்கு முந்தியவர். பாட்டி என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்காங்க. கார்கியைக் கொண்டு வந்து முன்னால நிறுத்தி, பின்னால யாரை நான் மறைச்சேன்?

அதனால இந்த முறை, கார்கிக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்றேன். உங்களில் பலர் பெயர் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சகோதரி சுப்பலட்சுமி.

1886 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. ஆசாரமான பிராமணக் குடும்பம். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அப்புறம் அந்தக் காலத்து வழக்கப்படி கல்யாணம். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான். பதினொரு வயசுப் பிள்ளை, குடும்பம்னா என்னன்னே தெரியாத பிள்ளை, விதவை.

விதவைன்னா அந்தக் காலத்தில் என்னன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாத ஊரில் வளர்றீங்க. ஆனா ஒரு தடவையாவது கேட்டுக்கங்க. தலைமுடியை மழிப்பாங்க. பூ, பொட்டு, வளையல் கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் விசேஷம்னா பின்கட்டில் இருக்கணும், கண்ணில் படக் கூடாது. காலையில் அவள் முகத்தில் விழிச்சா அன்னைக்குக் காரியம் விளங்காதுன்னு சொல்வாங்க. அவள் போன ஜென்மத்தில் பாவம் செஞ்சவள், அதனாலதான் புருஷனைத் தின்னுட்டான்னு ஒரு விளக்கம் வேற. ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் இதேதான். இதைச் செய்தவர்கள் மதத்தை விட்டவங்க இல்லை. மூணு வேளை சந்தியாவந்தனம் செய்தவங்க. நம்ம 'கர்மா' என்கிற பெரிய தத்துவம், ஒரு குழந்தையை மூலையில் உட்கார வைக்க எவ்வளவு சுலபமாப் பயன்பட்டது பாருங்க. இதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமா இருக்கும். உங்களுக்கும் இருக்கணும்னு நினைக்கிறேன்.

சுப்பலட்சுமியின் அப்பா மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர் சித்தி வாலாம்பாளும் விதவைதான். மறுபடி படின்னு இந்தப் பிள்ளைக்கு முதுகில் தட்டிக் கொடுத்தவர் அவர். பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி, அதன் பிறகு மாநிலக் கல்லூரி. உறவுக்காரங்க என்ன பேசியிருப்பாங்கன்னு நான் எழுத வேண்டியதில்லை. 1911-ல் சுப்பலட்சுமி பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். அப்போது 25 வயதுகூட நிறையவில்லை. உங்களில் சிலர் தேசிய சேவை முடிச்சுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிற வயசு.

அந்தக் கன்னியாஸ்திரிகள் தங்கள் வாழ்க்கையையே பிறர் பிள்ளைகளுக்காகக் கொடுத்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். 'சகோதரி' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் அந்தப் பாதிப்பு உண்டு. ஆனால் மதம் மாறவில்லை. தன் பூஜை, தன் விரதம், தன் ஆசாரம் எதையும் விடவில்லை. அடுத்த மதத்தில் ஒரு நல்லதைப் பார்த்தா, ஒண்ணு அங்கே ஓடணும், இல்லைன்னா அது நல்லதே இல்லைன்னு சண்டை போடணும், இந்த ரெண்டு வழிதான் நமக்குத் தெரியுது. அவர் மூணாவது வழியைக் காட்டினார்: அதை நம்ம வீட்டில் ஏன் செய்யக் கூடாதுன்னு கேட்டார்.

1912-ல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கினார். சாரதா என்பது கலைமகளின் பெயர். அதையொட்டி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதவைச் சிறுமிகளை எழும்பூரில் தன் வீட்டிலேயே சேர்த்து, சோறு போட்டுப் படிக்க வைத்தார். சித்தி வாலாம்பாள் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் எண்ணிக்கை கூடியதும் வீடு போதவில்லை. இடம் தேடினார்கள். கிடைத்த இடம் எது தெரியுமா? திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ்.

இந்தக் கட்டிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை. 1842-ல் கட்டினது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டு வந்து சேமித்து வைத்த கிடங்கு. இங்கேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அந்தக் கட்டிடத்தை வாங்கினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். பெண்கள் நிலையைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் அந்தப் பயணம் முழுக்கப் பேசியவர் அவர். அடுத்த ஆண்டே அவருடைய சீடர் நிவேதிதை கல்கத்தாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க, அன்னை சாரதாதேவி காளி பூஜை நாளில் வந்து அதைத் திறந்து வைத்தார்.

சென்னையில் சுவாமிஜி தங்கிய அதே சுவர்களுக்குள், இருபது வருஷம் ஆவதற்குள், மொட்டை அடிக்கப்பட்ட சிறுமிகள் கணக்குப் போட்டார்கள். சுவாமிஜியின் படத்தை நாம் வகுப்பில் வைத்து மாலை போடுகிறோம். அவர் படுத்துறங்கிய அறைக்கு நிஜமான மாலை அந்தப் பிள்ளைகளின் சிலேட்டுதான்னு எனக்குத் தோணும். இப்போது அந்தக் கட்டிடம் 'விவேகானந்தர் இல்லம்'. சென்னைக்குப் போனா மெரினாவில் சுண்டல் வாங்கி நிற்பீங்களே, ரோட்டைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்துட்டு வாங்க.

அந்தப் பிள்ளைகளில் பலர் ஆசிரியர்கள் ஆனார்கள். 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பு சுப்பலட்சுமியிடம் வந்தது. முகத்தில் விழிக்கக் கூடாதுன்னு ஒதுக்கப்பட்ட பெண்கள், தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கும் முகங்களாக ஆனார்கள். சண்டை போட்டு, ஊர்வலம் போய் ஆனதில்லை. ஒவ்வொரு பிள்ளையாச் சேர்த்து, ஒவ்வொரு தகப்பனாரிடமும் பேசிப் பேசி ஆனது. பயந்த குடும்பங்கள் பிள்ளையை அனுப்பணும் என்பதற்காகவே இல்லத்தில் ஆசாரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். சமையல், தீட்டு, விரதம் எல்லாம் அந்த வீடுகளில் இருந்தது போலவே இருந்தது.

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. மறைச்சா மறுபடியும் கார்கி வேலைதான் ஆகும். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே தொடங்கப்பட்டது. என் பாட்டி மாதிரி ஒரு பெண் அந்தக் காலத்தில் பிறந்து அந்த வாசலில் நின்றிருந்தால் உள்ளே இடம் கிடைத்திருக்காது. சுப்பலட்சுமிக்கு இதற்குக் காரணம் இருந்தது. கலந்து வைத்தால் ஒரு தகப்பனும் பிள்ளையை அனுப்ப மாட்டான் என்ற பயம். காரணம் புரிகிறது. ஆனாலும் வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு அந்தக் காரணம் என்ன பதில்?

பதில் வேறொரு பெண்ணிடமிருந்து வந்தது. சுப்பலட்சுமி பிறப்பதற்கு 19 நாள் முன்னால், 1886 ஜூலை 30-ஆம் தேதி, புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் இருந்த சமூகத்திலிருந்து வந்தவர். மன்னர் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மன்னர் சேர்த்துக்கொண்டார். 1912-ல் மருத்துவப் பட்டம். சுப்பலட்சுமி தன் இல்லத்தைத் தொடங்கிய அதே ஆண்டு. பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில் பெயரால் பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டுவதைச் சட்டத்தால் நிறுத்தப் போராடினார். அந்த வாழ்க்கை வேண்டாம்னு அவர் வீட்டுக் கதவைத் தட்டி வந்த பெண்களுக்காகத்தான் அவ்வை இல்லம் தொடங்கியது. என்ன சாதின்னு கேட்கவில்லை. பெயரைக் கவனிச்சீங்களா? ஔவை. நான் வகுப்பில் பெருமைக்காகச் சொன்ன பெயரை அவர் ஒரு வாசலுக்கு வைத்தார்.

இன்னொரு தகவல். பெண்ணுக்குக் கல்யாண வயது குறைந்தது 14 என்று சட்டம் வந்தது 1929-ல்தான். 1930 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. சாரதா சட்டம்னு சொல்வாங்க. இந்த சாரதா கலைமகள் இல்லை, மசோதா கொண்டு வந்த ஹர்பிலாஸ் சார்தா. அதை எதிர்த்தவர்கள் யார்? மதம் போச்சு, தர்மம் போச்சுன்னு குரல் கொடுத்த நம் பெரியவர்களும்தான். 14 வயசுக்கே அந்தக் கூச்சல்.

"அண்ணா, அதெல்லாம் வழக்கம், மதம் இல்ல. வேதத்துல அப்படி இல்லையே"ன்னு தம்பி சொல்லலாம். பாதி சரி. பிருகதாரண்யக உபநிஷதத்தின் கடைசிப் பகுதியில் பிள்ளை வேண்டுவோருக்கான சடங்குகள் வருகின்றன. அதில், படித்த பண்டிதையான மகள் வேண்டும் என்று விரும்பும் தம்பதி எள் சேர்த்துச் சமைத்த சோற்றை நெய்விட்டுச் சாப்பிடட்டும் என்று இருக்கிறது. முதல் தடவை படிச்சப்போ துள்ளிக் குதிச்சேன். மகள் பிறந்தா சொம்பைக் கவிழ்த்துவைக்கிற ஊரில், பண்டிதை மகளுக்காக ஒரு சடங்கு! அப்புறம் உரையைப் படித்தேன். ஆதிசங்கரரின் உரை. பெண்ணுக்கு வேதத்தில் அதிகாரம் இல்லை, ஆகவே இங்கே பாண்டித்தியம் என்பது வீட்டு நிர்வாகத்தைப் பற்றியது மட்டுமே என்று அதில் இருக்கிறது. ஆசாரியர் மீது எனக்குள்ள பக்தி குறையவில்லை. தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் படிக்க உட்கார்றேன். ஆனா அந்த இடத்தில் மூலம் திறந்து வைத்த கதவை, அவர் காலத்து வழக்கம் பாதி சாத்திவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். அவ்வளவு பெரிய ஞானியையே காலம் இப்படிக் கையைப் பிடித்து எழுத வைக்கும்னா, நீயும் நானும் எம்மாத்திரம்? 'மதம் வேறு, வழக்கம் வேறு'ன்னு சொல்லித் தப்பிக்கிறது சுலபம். வழக்கத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்.

அதனால, தம்பி, உன் கேள்விக்கு என் பதில்: இல்லை, சரியில்லை. நம்ம மதத்தின் பெயராலும் சொன்னாங்க. சொன்னவங்க கெட்டவங்களாக்கூட இல்லை. அதை மாற்றியவர்களும் வெளியிலிருந்து வந்து திட்டியவர்கள் மட்டும் இல்லை. பூஜை அறையிலிருந்து எழுந்து வந்தவர்கள் இருந்தார்கள். சுப்பலட்சுமி 1969 டிசம்பர் 20-ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி அன்று காலமானார். அவர் பக்தியைச் சந்தேகப்பட யாருக்கு வாய் வரும்?

மலாலாவின் கதையிலும் இதைப் பாருங்க. சுட்டவன் மதத்தின் பெயரைச் சொன்னான். மகளைப் பள்ளிக்கு அனுப்பிய, தானே பள்ளி நடத்திய அப்பா ஜியாவுதீனும் அதே மதத்தைக் கும்பிட்டவர்தான். மயிலாப்பூரில் ஒரு சுப்பிரமணிய ஐயர், மிங்கோராவில் ஒரு ஜியாவுதீன். நம் பள்ளியில் உன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் மலாய்க்காரத் தோழிக்கு உன் வாக்கியம் காதில் விழுந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னும் யோசிச்சுப் பார். உன்னைத் திட்ட எழுதலை. அன்னைக்கு அதை நான் திருத்தியிருக்கணும், திருத்தலை.

"சரிண்ணா, அதெல்லாம் பழைய கதை. இங்க சிங்கப்பூர்ல பிரச்சினையே இல்லையே." இதையும் யாராவது கேட்பீங்க. உண்மைதான், நாம் கொடுத்து வைத்தவர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண், பெண் எந்தப் பிள்ளையையும் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. அதற்கு வெகு காலம் முன்பே லிட்டில் இந்தியாவில் நோரிஸ் ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரில், பெண்பிள்ளைகளுக்கு அன்னை சாரதாமணி பெயரில். சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பக்கம் ஒரு நடை போய் வாங்க.

ஆனா பிரச்சினையே இல்லைன்னு சொல்றதுக்கு முன்னால, அன்னைக்கு வகுப்பில் பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டதுன்னு மேலே எழுதினேனே, அது யார்?

நம் குடும்பங்களில் ஒன்றோடு வந்திருந்த இல்லப் பணிப்பெண். தமிழ்நாட்டிலிருந்து வந்த அக்கா. ஊர், பெயர் வேண்டாம். நான் கார்கியைப் பற்றி மைக்கில் பேசிக்கிட்டிருந்த முழு நேரமும் அவங்க பின்னால குழாயடியில நின்னாங்க. யாரும் போகச் சொல்லலை, யாரும் உட்காருங்கன்னும் சொல்லலை. கங்கார் பெஞ்சுக்கு அப்புறம்தான் எனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு அவங்ககிட்ட, "அக்கா, நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. எட்டாவது. அதுக்கு மேல பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போகணும். வயசுக்கு வந்த பிள்ளையை அனுப்ப மாட்டேன்னுட்டாராம் அப்பா. கணக்கில் நல்லா மார்க் வாங்குவாங்களாம். இப்ப ஊரில் மகள் பிளஸ் டூ படிக்குது, இவங்க அனுப்புற பணத்தில்.

மிங்கோராவில் ஒரு வண்டியை நிறுத்தினாங்க. இங்கே ஒரு பஸ்ஸில் ஏறவே விடலை.

பின்கட்டு நம் வீவக வீட்டிலும் இருக்கு, தம்பி. சமையலறைக்குப் பக்கத்தில், கனத்த இரும்புக் கதவு போட்ட அறை. பல வீடுகளில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் இருக்கும். சில வீடுகளில் ஓர் அக்கா இருப்பாங்க. சட்டம் தன் பங்கைச் செய்திருக்கு. 2013-லிருந்து வாரம் ஒரு நாள் ஓய்வு அவங்க உரிமை. அதற்குப் பதில் கூடுதல் சம்பளம் கொடுக்கிற வழி இருந்தாலும், 2023-லிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, விட்டே ஆகணும். அந்த நாளில் அவங்க எங்க போவாங்க? நம்ம வகுப்புக்கு வந்தா, குழாயடிக்கா, நாற்காலிக்கா? நான் குழுவில் பேசிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து பாத்திரம் கழுவ முறை வச்சு நாமே நிற்போம், முதல் ஞாயிறு என் முறை. அக்காவுக்கு ஆங்கிலக் கணக்குப் புத்தகம் ஒன்று வேணுமாம். ரெண்டு தங்கைகள் பாடம் சொல்லித் தர்றதா ஒத்துக்கிட்டாங்க. அந்தக் குடும்பத்தாரும் மனசார சரின்னாங்க, அதையும் சொல்லணும்.

பாட்டி விஷயத்துக்கு வர்றேன். மறுபடி வழி தவறக் கூடாதேன்னு ஒரு சுருக்குவழி கண்டுபிடிச்சேன். ரும்பியாவும் ரங்குங்கும் ரெண்டுமே ஒரே ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்குது, அது குழப்பும். ஆனா நிலையப் பலகையில் ரும்பியாவுக்கு எண் 2 போட்டிருக்கும். வண்டி எந்தப் பக்கம் சுத்தினாலும் அது மாறாது. "பாட்டி, 2-ன்னு பார்த்தா இறங்குங்க, போதும்"னு பேப்பரில் பெரிசா எழுதிக் காட்டினேன். தலையாட்டிக்கிட்டாங்க.

விஜயதசமி வந்தது. அண்ணன் மகளுக்கு மூணு வயசு, அவளுக்கு எழுத்தறிவிக்கத் தட்டில் அரிசி பரப்பி வச்சிருந்தேன். குழந்தை விரலைப் பிடிச்சு 'அ' எழுத வச்சோம், கல்கண்டு வாயில போட்டதும் அவள் ஓடிப் போயிட்டாள். தட்டை எடுக்கப் போனேன். பாட்டி சோபாவிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடிச்சுக்கிட்டே தரையில் வந்து உட்கார்ந்தாங்க.

"ரெண்டு, மூணெல்லாம் இருக்கட்டும்டா. எம் பேரு எப்படி இருக்கும்னு எழுதிக் காட்டு."

பாட்டி பேரில் நாலு எழுத்து. நான் விரலைப் பிடிச்சுக்கிட்டேன். மூணாவது எழுத்தில் சுழி கோணிப் போச்சு. பாட்டி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாங்க. அப்புறம் உள்ளங்கையால அரிசியைத் தடவி மட்டமாக்கிட்டு, என் கையைத் தட்டிவிட்டாங்க.

"நீ பிடிக்காத. நானே போடுறேன்."